ஆக்குப்புரைக் கூரை ஏன் எரியவில்லை?

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே அடுப்பு மூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பின் ஓரத்தில், நாலு பக்கமும் திறந்த ஆக்குப்புரை. கம்பு நட்டு, மூங்கில் கட்டி, மேலே முடைந்த தென்னையோலை வேய்ந்திருக்கும். வரிசையாக அடுப்புகள், அவற்றின் மேல் உருளிகளும் அண்டாக்களும். அவியலுக்குக் காய் நறுக்குகிறவர்கள் ஒரு பக்கம், தேங்காய் துருவுகிறவர்கள் ஒரு பக்கம். விறகை உள்ளே தள்ளும்போதெல்லாம் தீநாக்கு உருளியின் விளிம்பைத் தாண்டி எழும், பொறி பறக்கும். மறுநாள் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை அடுப்பு அணையாது. இத்தனை நேரமும் தலைக்கு மேலே இருப்பது காய்ந்த ஓலை. ஆனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஓர் ஓலை பற்றினாலும் யாராவது ஒருவர் துரட்டியால் இழுத்துப் போட்டு மிதித்துவிடுவார், வேலை தொடரும்.

இப்போது இன்னொரு ஓலைக் கூரை. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தின் மாடியில் ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே அடுப்பு இல்லை, விறகு இல்லை. மின்சாரத்திலிருந்து கிளம்பிய சிறு தீ ஓலையைத் தொட்டது. சில நிமிடங்களில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ பள்ளியின் ஓலைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகளை இழந்தோம். அதற்கு முன் 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீ. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஓலைக் கொட்டகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள்.

ஓலை ஒன்றுதான், தீயும் ஒன்றுதான். இரவெல்லாம் அடுப்பு எரிந்த இடத்தில் ஆபத்து இல்லை. அடுப்பே இல்லாத இடத்தில் பேரழிவு. இது ஏன் என்பதற்கு விடை தெரிந்தால், களத்திலும் தோப்பிலும் வைக்கோல்புரையிலும் விழா நடத்தும் நம் பழக்கத்தை விடாமலே உயிர்களைக் காப்பாற்ற முடியும்.

எரிவது எது?

முதலில் ஓர் அடிப்படை விஷயம். விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் விறகு அப்படியே எரிவதில்லை. வெப்பம் ஏறும்போது மரத்திலுள்ள செல்லுலோஸ் உடைந்து ஆவியாக வெளியேறுகிறது. அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது எழுவதே சுடர். இப்படி வெப்பத்தால் திடப்பொருள் உடைந்து எரியத்தக்க ஆவியாவதை வெப்பச்சிதைவு என்கிறோம். மரத்தில் இது 200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மெல்லத் தொடங்கி, 300 டிகிரிக்கு மேல் வேகம் பிடிக்கிறது.

இதைக் கண்ணால் காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளைஞர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் தொடங்கினார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவிலுள்ள கருத்த பகுதியில் வைத்தார். உள்ளிருந்த ஆவி குழாய் வழியாக வெளியே வந்தது. மறுமுனையில் தீக்குச்சியைக் காட்டினார். அங்கேயும் சுடர் எழுந்தது. திரியிலிருந்து தள்ளி, மெழுகே இல்லாத இடத்தில் நெருப்பு. எரிவது ஆவிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆகவே தீப்பிடிப்பது என்றால், பொருளின் மேற்பரப்பு போதுமான ஆவியை விடும் அளவுக்குச் சூடாவது என்று பொருள். தேக்குத் தடியை ஒரு தீக்குச்சியால் பற்றவைக்க முடியாது. குச்சி தரும் வெப்பம் தடியின் உள்ளே பரவி ஆறிவிடுகிறது. மேற்பரப்பு 300 டிகிரியைத் தொடுவதே இல்லை. வைக்கோல் தாளுக்கு உள்ளே என்று சொல்லவே இடமில்லை. பட்ட வெப்பம் போக வழியில்லாமல் அந்த மெல்லிய தோலிலேயே நின்றுவிடும். ஒரு நொடியில் ஆவி கிளம்பும். தாளுக்குத் தாள் நடுவே காற்றும் தாராளமாக இருக்கிறது. தடியும் தாளும் வேதியியலில் ஏறக்குறைய ஒரே பொருள்தான். பருமன் ஒன்றுதான் வேறு.

முடைந்த ஓலைக்கும் இதே கணக்கு. கீற்று மெல்லியது, இடைவெளி நிறைய, சாய்ந்து கிடக்கிறது. சுடர் எப்போதும் மேல்நோக்கிப் போவதால் சாய்ந்த கூரையில் கீழே பற்றிய தீ தனக்கு மேலிருக்கும் கீற்றைத் தானே சூடாக்கிக்கொண்டு ஏறுகிறது. தீ கூரையின் முகட்டை எட்டிவிட்டால் பக்கவாட்டில் பரவ அதற்குச் சொற்ப நேரமே போதும்.

தண்ணீர் தெளித்த ஓலை ஏன் பற்றுவதில்லை? 30 டிகிரியில் உள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் அதிகமான வெப்பம் அதை முழுதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்வரை ஓலை 100 டிகிரியைத் தாண்டாது. வெப்பச்சிதைவுக்கு அது போதாது. அடுப்பு மூட்டும் முன் ஆக்குப்புரைக் கூரையில் நாலு குடம் தண்ணீர் வீசும் வழக்கத்துக்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது.

இன்னொன்று உயரம். அடுப்பிலிருந்து எழும் சூடான காற்று மேலே போகப் போகச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை இழுத்துக் கலந்துகொண்டே போகும். சுடரின் நுனியைத் தாண்டிய பிறகு, உயரம் இரண்டு மடங்கானால் அந்தக் காற்றின் கூடுதல் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. கூரையை ஓர் ஆள் உயரம் தூக்கிக் கட்டுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இதிலிருந்தே தெரியும்.

கூரைக்கடியில் தேங்குவது

ஓலை எளிதில் பற்றும் என்பது பாதி விடைதான். ஆக்குப்புரையிலும் அதே ஓலை இருக்கிறதே? மீதி விடை சுவர்களில் இருக்கிறது.

திறந்த புரையில் புகையும் சூடும் நாலு பக்கமும் வெளியேறிவிடுகின்றன. பக்கங்களை மறைத்துவிட்டால் அவை போக இடமில்லை. குடத்தில் தண்ணீர் அடியிலிருந்து மேலே நிறைவதைப்போல, அடைத்த கொட்டகையில் புகை கூரையிலிருந்து கீழே நிறைந்துகொண்டு வரும். அதன் அடிமட்டம் கண்முன்னாலேயே தாழ்ந்து தாழ்ந்து இறங்கும். மேலே கருத்த சூடான அடுக்கு, கீழே கொஞ்சம் தெளிந்த காற்று. குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

இந்தச் சூடான அடுக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. அது கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்களாக வீசுகிறது. வெயிலில் நிற்கும்போது நம்மைச் சுடுவதும் இதே கதிர்வீச்சு வெப்பம்தான். வருவதற்கு இடையில் காற்றோ பொருளோ தேவையில்லை. 1879இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபான் இதில் ஒரு விதியைக் கண்டார். ஒரு பொருளின் வெப்பநிலை ஏறும்போது அது வீசும் கதிர்வீச்சு அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது. 27 டிகிரியில் இருக்கும் கூரை 327 டிகிரிக்கு வந்தால் கதிர்வீச்சு 16 மடங்காகும். 627 டிகிரிக்கு வந்தால் 81 மடங்கு.

அந்த நிலையை எட்டும்போதுதான் பேரழிவு நிகழ்கிறது. கூரையடிப் புகை ஏறக்குறைய 600 டிகிரியைத் தொடும்போது தரையில் விழும் கதிர்வீச்சு உச்சிவெயிலைப்போல 20 மடங்கு ஆகிவிடும். நாற்காலி, மேசைவிரிப்பு, அலங்காரத் துணி என்று இதுவரை தீ தொடாத பொருள்களும் ஆவி விடத் தொடங்கும். பிறகு சில நொடிகளில் கொட்டகை முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். தீயியலார் தனிப் பெயர் வைத்திருக்கும் இந்தக் கட்டத்தைத் தமிழில் ஒருங்கெரிவு என்று சொல்லலாம். ஒரு மூலையில் எரிந்த தீ, முழு அறையின் தீயாக மாறும் தருணம் அது. அதற்குப் பிறகு உள்ளே இருப்பவருக்குப் பிழைக்க வழியில்லை.

ஆக்குப்புரையில் ஒருங்கெரிவு நடப்பதே கடினம். சூட்டைத் தேக்கிவைக்கச் சுவர் இல்லை.

எப்படித் தெரியும்?

சாம்பலாகிவிட்ட ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேச முடிகிறது என்று கேட்கலாம். தீயை அளக்க ஓர் எளிய வழி கிடைத்ததுதான் காரணம். 1917இல் பிரிட்டனைச் சேர்ந்த டபிள்யூ. எம். தார்ண்டன் ஒன்றைக் கவனித்தார். மரமோ மண்ணெண்ணெயோ மெழுகோ, எது எரிந்தாலும் செலவாகும் ஆக்சிஜனின் அளவுக்கு வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 1980இல் கிளேட்டன் ஹகெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பல பொருள்களுக்கும் சரிபார்த்தார். ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 13 மெகாஜூல் வெப்பம். வித்தியாசம் மிகச் சொற்பம். ஆகவே ஒரு பெரிய புகைபோக்கியின் கீழே நாற்காலியையோ ஓலைக் கட்டையோ எரித்து, மேலே போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் போதும். நொடிக்கு நொடி தீயின் வலிமை தெரிந்துவிடும்.

நேரடிச் சோதனையும் உண்டு. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒற்றை மாடி மரக்கட்டடம் ஒன்றில் இசை நிகழ்ச்சி நடந்தது. மேடையில் விட்ட மத்தாப்பின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு நுரையில் பற்றியது. நூறு பேர் இறந்தார்கள். உள்ளே ஒருவர் ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்ததால் தீ வளர்ந்த வேகம் நொடிக்கணக்கில் பதிவானது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் அந்த மேடையையும் நடனத் தளத்தின் ஒரு பகுதியையும் அதேபோல் கட்டி, வெப்பமானிகளைப் பொருத்தி, மறுபடியும் தீவைத்துப் பார்த்தது. ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே உயிர் பிழைக்க முடியாத நிலை வந்துவிட்டது. கூரையில் நீர்தெளிப்பான் பொருத்தி அதே சோதனையைச் செய்தபோது நிலைமை கட்டுக்குள் இருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: வேறு வாசல்கள் இருந்தும் கூட்டத்தில் பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். அங்கே நெரிசலாகி வழி அடைந்தது.

பழகிய வழியைத் தேடுவது மனித இயல்பு. நம் ஊர்ப் பந்தலிலும் வந்தவர் எல்லோரும் சந்தனமும் கற்கண்டும் எடுத்துக்கொண்ட வாசலை நோக்கித்தான் திரும்ப ஓடுவார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு வழி இருப்பது பந்தல்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது வழியே ஆகாது.

சுடரைவிட முந்தி வருவது

தீ விபத்தில் பலர் சுடர் தொடும் முன்பே விழுந்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் குழப்பம், பிறகு கால் தளர்ச்சி, பிறகு மயக்கம். ஓட வேண்டிய நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்ற தெளிவையே அது பறித்துவிடும்.

செயற்கைத் துணியும் நுரையும் எரிந்தால் ஆபத்து இன்னும் கூடும். சில வகைகளிலிருந்து ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். பாலியஸ்டர், நைலான் போன்றவை எரியும்போதே உருகிச் சொட்டும். எரிகிற சொட்டு தலையிலும் தோளிலும் விழும். 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாவுக்காகப் போட்ட செயற்கைத் துணிப் பந்தல் இப்படித்தான் கூட்டத்தின்மேல் எரிந்து விழுந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். ஓலையை எடுத்துவிட்டுத் துணி கட்டினால் பயமில்லை என்ற எண்ணம் தவறு.

இரண்டு நேரங்கள்

இவ்வளவையும் சேர்த்து ஒரே கேள்வியாகச் சுருக்கலாம். தீயியலார் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இரண்டு நேரங்களைக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, தீ தொடங்கியதிலிருந்து உள்ளே நிற்க முடியாமல் போகும்வரை நமக்குக் கிடைக்கும் நேரம். மற்றொன்று, எல்லோரும் வெளியேறி முடிக்க வேண்டிய நேரம். கிடைக்கும் நேரம் வேண்டிய நேரத்தைவிட அதிகமாக இருந்தால் தீ வந்தாலும் உயிர் போகாது. குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் மறுநாள் செய்தித்தாளில் எண்ணாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெருக்கமாக நகரும் கூட்டத்தில், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமுள்ள வாசல் வழியாக நொடிக்கு ஏறக்குறைய ஒருவர்தான் வெளியேற முடியும் என்று அளந்திருக்கிறார்கள். தள்ளினால் இது கூடாது, குறையும். 500 பேர் அமர்ந்திருக்கும் கொட்டகைக்கு அப்படி ஒரே வாசல் என்றால் வேண்டிய நேரம் எட்டு நிமிடத்துக்கு மேல். மூடிய ஓலைக் கொட்டகையில் கிடைக்கும் நேரமோ ஒன்றிரண்டு நிமிடங்கள். அதே கொட்டகைக்கு நாலு பக்கமும் ஒன்றரை மீட்டர் அகலத்தில் வாசல் வைத்தால், ஒவ்வொன்றிலும் நொடிக்கு ஒன்றரைப் பேர் வீதம், எல்லோரும் ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியே நிற்பார்கள். செலவு ஒன்றுமில்லை, பந்தல்காரர் நாலு தட்டிகளைக் கட்டாமல் விட்டால் போதும்.

இப்போது ஆக்குப்புரைப் புதிருக்கு விடை முழுமையாகிவிட்டது. அங்கே ஓலை பற்றாது என்பதில்லை. சுவர் இல்லாததால் சூடு தேங்குவதில்லை, எனவே கிடைக்கும் நேரம் நீளமானது. இருப்பவர்கள் சிலரே, எல்லாப் பக்கமும் வாசல். வேண்டிய நேரம் ஐந்தாறு நொடிகள். எல்லோரும் அடுப்பைப் பார்த்தபடி விழித்திருப்பவர்கள். ஸ்ரீரங்கத்தில் இவை எல்லாமே தலைகீழாக இருந்தன: மாடி, குறுகலான வழி, கூட்டம், மேடையையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

புரையில் விழா நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் தீ தொடங்காமல் தடுக்கவோ, இந்த இரண்டு நேரங்களில் ஒன்றை நீட்டவோ மற்றதைக் குறைக்கவோதான். நம் ஊருக்கு ஏற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வைக்கோல். புரையில் கிடக்கும் வைக்கோலை விழாவன்று காலையில் அவசரமாக ஒதுக்குவது தவறு. கன்னிப்பூப் பருவ நெல் அறுவடை மழையில் மாட்டினால் ஈரத்தோடு போட்ட வைக்கோல் உள்ளே சூடாகும். அதைச் சூடாக்குவது நுண்ணுயிர்கள். 1907இல் ஹியூகோ மீஹே என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், நுண்ணுயிர்களைக் கொன்றபின் உலர்புல் தானாகச் சூடாவதில்லை என்று காட்டினார். உயிரிகள் 70 டிகிரி வரை கொண்டுபோய் நிறுத்தும். அதற்குமேல் வேதிவினை தொடர்ந்து, சில வேளை கனன்று தீயாகும். உள்ளே ஆக்சிஜன் போதாமல் கனன்றுகொண்டிருக்கும் படப்பைப் பிரித்தால் காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றும். எனவே சில நாள் முன்பே ஒரு கடப்பாரையைப் படப்பின் நடுவரை குத்திச் சற்று நேரம் விட்டு உருவுங்கள். கைவைக்க முடியாத சூடு இருந்தால் அதைத் தொடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் முழுவதையும் விழா இடத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் போடுங்கள். அலங்காரத்துக்காக வைக்கோல் கட்டுகளை இருக்கைகளாகப் போடும் புதுப் பழக்கம் வேண்டாம். தீக்கு நாமே பாதை போடுவது அது.

அடுத்தது மின்சாரம். கம்பியைவிடக் கம்பியின் இணைப்பே ஆபத்தானது. முறுக்கி டேப் சுற்றிய தளர்ந்த ஜாயின்ட்டில் மின்தடை கூடுகிறது. ஓடும் மின்சாரம் அந்த ஒரே புள்ளியில் வெப்பமாகிறது. எல்லா விளக்கையும் போட்டு ஒரு மணிநேரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு, பிளக்குகளையும் ஜாயின்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது நாளை எரியப்போவது. ஓலைக்குள் நுழைத்து வயர் இழுக்கக் கூடாது. பழைய ஹாலஜன் விளக்கின் கண்ணாடி சில நூறு டிகிரி சூடேறும், எல்.இ.டி. விளக்கு அதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. மழை ஈரத்தில் இரும்புக் கம்பத்தில் மின்சாரம் இறங்கினால் உயிரைக் காப்பது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.; அது இல்லாத இணைப்பை ஏற்காதீர்கள். ஜெனரேட்டர் வெளியே, தள்ளி இருக்க வேண்டும். ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது.

ஆக்குப்புரை விழாக் கொட்டகையோடு ஒட்டக் கூடாது. அன்றைய காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அமையட்டும், பொறி கூட்டத்தை நோக்கிப் பறக்காது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை இந்த ஊரார் நன்கு அறிவார்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். ஓலைக்குப் பதில் தகரம் போடுகிறவர்களும் இந்தக் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: காற்றின் வேகம் இரட்டித்தால் தகரக் கூரையைத் தூக்கும் விசை நாலு மடங்காகும். தகடுகளைக் கயிற்றால் மட்டும் கட்டி விடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். சிலிண்டரைக் குழியிலோ தாழ்வான மூலையிலோ வைக்க வேண்டாம்.

கொட்டகையின் அமைப்பு பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 8758 என்ற எண்ணில் பந்தல்களுக்கென்றே பரிந்துரைகள் வெளியிட்டிருக்கிறது. மூன்று மீட்டருக்குக் குறையாத உயரம், செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடக் கூடாது, சுற்றிலும் வெற்றிடம் விட வேண்டும் என்பவை அவற்றுள் சில. மேலே சொன்ன இயற்பியல் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொன்றின் காரணமும் தானாகவே புரியும். உயரம், புகை கீழே இறங்கும் நேரத்தை நீட்டுகிறது. வெற்றிடம், அடுத்த கூரைக்குக் கதிர்வீச்சு போய்ச் சேராமல் தடுக்கிறது. தீயணைப்பு வண்டி வர வழியும் அதுதான்.

தண்ணீர் நிறைத்த டிரம்கள், மணல் வாளிகள், நனைத்த சாக்குகள், இரண்டு நீளத் துரட்டிகள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எரியும் கீற்றை இழுத்துப் போட்டால் தீக்கு அடுத்த கீற்று கிடைக்காது. நிகழ்ச்சி தொடங்கும் முன் மைக்கில் ஒரே நிமிடம் வாசல்கள் எந்தெந்தப் பக்கம் இருக்கின்றன என்று அறிவியுங்கள். பந்தி மேசைகளுக்கு நடுவே வாசலை நோக்கிய நடைபாதையில் நாற்காலி போடக் கூடாது. ஒவ்வொரு வாசலிலும் ஊர்க்காரர் ஒருவர் விழாவைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கட்டும். முதியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் வாசல் அருகில் உட்காரவையுங்கள். அவர்கள் நடை மெதுவானது, அவர்களுக்கு வேண்டிய நேரம் அதிகம். தீ கண்டதும் 101க்கு அழையுங்கள். ஆனால் வண்டி வந்து சேரும் முன்பே கிடைக்கும் நேரம் முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் நம் பொறுப்பு.

கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நாம் போடும் பந்தலுக்கு அப்படி ஒட்டுமொத்தத் தடை வர வேண்டியதில்லை. ஓலையின் குளுமையும் களத்தின் விசாலமும் நம் வாழ்வோடு கலந்தவை, அவை இருக்கட்டும். பந்தலுக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே பந்தல்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள், எத்தனை வாசல் வைக்கிறீர்கள்? விடை ஒரே வாசல் என்றால், அந்தப் பந்தலை நிமிர்த்த விடாதீர்கள்.